தனிப்பட்ட காரணங்கள்

மாணவர்கள் பேராசிரியருக்கு வைத்த பட்டப்பெயர் ஓட்டுப்பெட்டி. வைக்காமல் என்ன செய்வார்கள்? எந்த வகுப்பு எடுத்தாலும் கடைசிப் பத்து நிமிடம் ஓட்டெடுப்புதான். "இந்தக் கடையை மூடலாம்ங்கிறவங்க கை தூக்குங்க. வேண்டாம்ங்கிறவங்க தூக்குங்க." எண்ணுவார், பலகையில் எழுதுவார், கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே வெளியே போய்விடுவார்.

வியாபாரப் படிப்பில் பாடம் அப்படித்தான் நடக்கும். சூத்திரம் கீத்திரம் எதுவும் கிடையாது. எங்கோ ஒரு கம்பெனியில் நிஜமாக நடந்த சிக்கலைப் பதினைந்து பக்கத்தில் கதை மாதிரி எழுதி, முதலாளி முடிவெடுக்க வேண்டிய இடத்தில் டக்கென்று நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பெயர் கேஸ். 'அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தால் என்ன செய்வாய்?' என்பதுதான் பரீட்சை. பேராசிரியர் தன் வாழ்நாளில் இப்படிப் பன்னிரண்டு கேஸ் எழுதினார். பதினொன்று ஊரார் கதை. பன்னிரண்டாவது சொந்தக் கதை.

அதை யாரிடமும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார். அவர் கம்பெனி செய்தது நாற்காலி. கேஸில் அது குடைக் கம்பெனி ஆகிவிட்டது. அவரோடு சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தவர் மனைவியின் அண்ணன். கேஸில் அவர் பள்ளித் தோழர். கதை இதுதான்: இரண்டு பேர் சேர்ந்து கம்பெனி தொடங்குகிறார்கள். ஒருவர் படித்தவர், இன்னொருவர் கைவேலைக்காரர். முதல் பெரிய ஆர்டர் வருகிறது. அந்த நேரம் பார்த்துக் கைவேலைக்காரர் ஐந்து வாரம் வேலைக்கு வரவில்லை. ஆர்டர் கைநழுவிப் போகிறது. பணம் போட்டவர்கள், 'அவரை வெளியே அனுப்பு, இல்லையென்றால் நாங்கள் போகிறோம்' என்கிறார்கள். படித்தவர் என்ன செய்ய வேண்டும்?

இருபத்திரண்டு வருஷமாக வருஷம் தவறாமல் அந்தக் கேஸை வகுப்பில் வைத்தார். வருஷம் தவறாமல் வகுப்பு கை தூக்கியது. அறுபது பேரில் நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, ஒரு வருஷம் ஐம்பத்திரண்டு. 'அனுப்பிவிட வேண்டும்.' அந்த எண்ணை எழுதும்போது அவர் கையெழுத்து மற்ற நாளைவிட நன்றாக இருக்கும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குவார். பாடம் நடத்தவா அந்தக் கேஸை வைத்தார்? அட போங்கள். தீர்ப்பு வாங்க வைத்தார். வருஷத்துக்கு ஒருமுறை அறுபது பிள்ளைகள் தன்னை நிரபராதி என்று சொல்லக் கேட்கவேண்டும். அது இல்லாமல் மனுஷனுக்கு வருஷம் ஓடாது.

நிஜக் கதையையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கு நான் என்ன பேராசிரியரா?

முப்பது வயதில் அவருக்கு ஒரு வீம்பு வந்தது. மேடையில் நின்று வியாபாரம் சொல்லிக் கொடுக்கிறவன் ஒரு பெட்டிக்கடையாவது நடத்திப் பார்க்க வேண்டாமா என்று. மச்சான் பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுபலகை வைத்த நாற்காலி இருக்கிறதே, வகுப்பறைகளில் போடுவது, அதன் பலகையை மடக்கினால் அந்தக் காலத்தில் படார் என்று சத்தம் வரும். சத்தமில்லாமல் மடங்குகிற ஒரு கீலை மச்சான் செய்து காட்டினார். அவ்வளவுதான் முதலீடு. ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள். காலையில் கல்லூரி, மத்தியானம் கொட்டகை. கல்லூரியில் சக வாத்தியார்கள், "வாங்க முதலாளி" என்று கிண்டல் செய்தார்கள். கொட்டகையில் ஆட்கள், "வாத்தியார் வர்றார்டா, பீடியை அணை" என்று ஒதுங்கினார்கள். இரண்டு இடத்திலும் மரியாதை இருந்தது, இரண்டு இடத்திலும் சேர்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவரை உறவு சொல்லிக் கூப்பிட்டு, தோளில் தட்டி, "மாப்பிள்ளை, கணக்கை விடுங்க, முதல்ல டீயைக் குடிங்க" என்று சொன்ன ஒரே ஆள் மச்சான்தான்.

எட்டு வருஷம் அப்படிப் போனது. ஒன்பதாவது வருஷம் நாலாயிரம் நாற்காலிக்கு ஆர்டர் வந்தது. அதே மாதம் பேராசிரியரின் மனைவிக்கு ஆறாவது மாதத்தில் ரத்தப்போக்கு. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை. படுக்கையை விட்டு எழக்கூடாது, ஆள் ஒருவர் கூடவே இருக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பேராசிரியருக்கு வகுப்பு, பரீட்சைத் தாள், வெளியூரில் இரண்டு வாரப் பயிற்சி. "நீங்க போய்ட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார் மச்சான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே. தங்கச்சியின் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்தார். ஐந்து வாரம். பிள்ளை தங்கவில்லை. இனிமேல் பிள்ளை பிறக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். கீலுக்கான அச்சைச் சரிசெய்ய மச்சானைத் தவிர வேறு ஆள் கிடையாது, ஆர்டர் போனது. பணம் போட்ட இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். பேராசிரியர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

தொழில் வேறு, குடும்பம் வேறு. அவர் வகுப்பில் முதல் நாள் சொல்கிற முதல் வாக்கியமே அதுதான். கடிதத்தைக் கொடுத்தபோது மச்சானிடமும் அதைத்தான் சொன்னார். மச்சான் தன் சாமான்களில் அளவெடுக்கிற காலிப்பரையும் இரண்டு அரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு கம்பெனி வளர்ந்தது, பொய் சொல்லக் கூடாது. முந்நூறு பேர் வேலை செய்தார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றார். கல்லூரி மலரில் 'சொன்னதைச் செய்து காட்டியவர்' என்று முழுப்பக்கம் போட்டார்கள். மனைவி மாதம் இரண்டு தடவை அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தார். திரும்பி வந்ததும் இவர், "பஸ் கிடைச்சுதா?" என்று கேட்பார். "கிடைச்சுது" என்பார் அவர். இருபத்தைந்து வருஷம் அதைத் தாண்டிப் பேச்சு போகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார். சாவுக்கு மச்சான் வந்தார், தங்கச்சி முகத்தைப் பார்த்தார், போனார்.

இப்போது பேராசிரியருக்கு வயது அறுபத்தாறு. நாலு அறை வீட்டில் ஒரு அறையில் மட்டும் விளக்கு எரியும். தொலைபேசி மணி அடித்தால் ஓடிப்போய் எடுப்பார். கடன் வேண்டுமா என்று கேட்கும் பதிவுசெய்த பெண்குரலாக இருந்தாலும் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வைப்பார். ஒருநாள், "வேண்டாம்மா, நல்லா இருங்க" என்று அந்தக் குரலுக்குப் பதிலும் சொன்னார். சொன்ன பிறகு வெட்கமாகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் கல்லூரியின் பதிப்பகத்து அம்மாள் கூப்பிட்டனுப்பினார். அந்த வருஷத்தோடு பேராசிரியருக்குக் கல்லூரியில் வேலை முடிகிறது. பன்னிரண்டு கேஸையும் ஒரு புத்தகமாகப் போட்டுக் கையில் கொடுத்து வழியனுப்பலாம் என்று ஏற்பாடு.

"பதினொரு கேஸுக்கும் சம்மதக் கடிதம் இருக்கு சார். அந்தக் குடைக் கம்பெனிக்குத்தான் இல்லை" என்றார் அம்மாள்.

"பேரெல்லாம் மாத்தியாச்சேம்மா."

"மாத்தினாலும் அந்த ஆள் உயிரோட இருந்தா கையெழுத்து வேணும். அப்புறம் யாராவது வந்து சண்டைக்கு நின்னா நான்தான் பதில் சொல்லணும். உயிரோட இருக்காரா?"

"இருக்கார்."

"அப்ப ஒரு நடை போய் வாங்கிட்டு வந்துடுங்களேன்" என்றார், பக்கத்துக் கடைக்குப் போய் வருகிற மாதிரி.

அந்தக் கேஸையே எடுத்துவிடலாம் என்று பேராசிரியர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியும், நாமும் தெரிந்துகொள்வோம்: மச்சான் வீட்டுக்குப் போக இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சாக்குக் கிடைத்திருக்கிறது. இந்த உலகத்தில் அவரை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட ஒரே ஒரு வாய்தான் மிச்சம். அதை இன்னொரு தடவை கேட்கவேண்டும். கையெழுத்து கிடக்கட்டும்.

மச்சானின் பட்டறை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கத் தெருவில் இருந்தது. சக்கர நாற்காலி, உருட்டுக் கட்டில், ஊன்றுகோல் எல்லாம் ரிப்பேர் பார்க்கிற இடம். தெருவிலேயே ஏழெட்டுக் கட்டில்கள் சக்கரம் கழன்று கிடந்தன. உள்ளே மகன் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். மாடியில் இருந்து குழந்தைகள் சண்டை போடுகிற சத்தமும், அவர்களை மருமகள் அதட்டுகிற சத்தமும் வந்தன. மச்சான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பேரிங்கைக் கெரசினில் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கையைத் துணியில் துடைத்தார்.

"வாங்க மாப்பிள்ளை. உட்காருங்க. அந்த நாற்காலியில வேண்டாம், அதுக்குக் கால் ஆடுது."

பேராசிரியருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தபிறகுதான் வந்த காரியத்தைச் சொல்ல முடிந்தது. புத்தகம், கேஸ், கையெழுத்து.

"நம்ம கதையா? அதையா புள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறீங்க?"

"இருபத்திரண்டு வருஷமா."

"அடேங்கப்பா. குடுங்க, படிக்கறேன். படிக்காம கையெழுத்துப் போடக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். பதினைந்து பக்கத்துக்கு ஒரு மணிநேரம் ஆனது. நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார்.

"குடைக்கு இந்த இடத்துல ஸ்பிரிங் வராது மாப்பிள்ளை. உங்களை யாரும் கேட்கலையா?"

"யாரும் குடை ரிப்பேர்க்காரங்க இல்லையே மச்சான்."

பேராசிரியருக்கு உடம்பு லேசானது. இவ்வளவு சுலபமா என்று கூடத் தோன்றியது. இத்தனை வருஷம் வீணாகத்தான் பயந்தோம், நாளைப்பின்னே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார் என்று மனசு கோட்டை கட்ட ஆரம்பித்தது. பதினோராம் பக்கத்தில் மச்சானின் விரல் நின்றது.

"'தனிப்பட்ட காரணங்களால் ஐந்து வாரம் பணிக்கு வரவில்லை'" என்று வாய்விட்டுப் படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார். "தனிப்பட்ட காரணம்னா யாரோட தனிப்பட்ட காரணம் மாப்பிள்ளை? என்னோடதா, உங்களோடதா?"

"கேஸ்ல குடும்ப விஷயத்தை எழுதறதில்லை மச்சான். முடிவுக்குச் சம்பந்தமில்லாததை எல்லாம் எடுத்துடணும். அதான் முறை."

"அப்படியா? சரி. இந்த ஆளை வெளியே அனுப்பணும்னுதான் புள்ளைங்க சொல்லுவாங்க, இல்ல?"

"ஆமா. முக்கால்வாசிப் பேர்."

"நானும் அதைத்தான் சொல்லுவேன். பொறுப்பில்லாத ஆளு. பெரிய ஆர்டரை வச்சுக்கிட்டு எங்கேயோ போய்ட்டான்." தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினார். "ஆனா இது நான் இல்லையே. வேற ஆளுக்காக நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? எங்க இருந்தேன்னு எழுதிக் கொண்டுவாங்க. போட்டுத் தர்றேன்."

கோபமே இல்லை. அதுதான் கொடுமை. திட்டியிருந்தால் பேராசிரியர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். மச்சான் பேரிங்கை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்துவிட்டார். மாடியில் இருந்து மருமகள், "மாமா, சாப்பாடு ஆறுது" என்று கூப்பிட்டாள். மச்சான், "சாப்பிட்டுப் போங்க" என்றார், இவர், "இல்லை, வகுப்பு இருக்கு" என்றார். வகுப்பு எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து பதினோராம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மொத்தம் இரண்டு வரி எழுதவேண்டும். பன்னிரண்டு கேஸ், எண்பது கட்டுரை எழுதிய கை, அந்த இரண்டு வரிக்கு நாலு நாள் எடுத்துக்கொண்டது. முதல் நாள், 'குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நலக் குறைவு' என்று எழுதினார். அது இன்னொரு பூசணிக்காய். அடித்தார். இரண்டாம் நாள், 'நிறுவனரின் மனைவி மருத்துவமனையில் இருந்ததால்' என்று எழுதிவிட்டு, அப்படியானால் நிறுவனர் எங்கே இருந்தார் என்ற கேள்வி வருமே என்று நிறுத்தினார். எங்கே இருந்தார்? இரண்டு வாரம் வெளியூரில். மற்ற நாட்களில் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் பரீட்சைத் தாள்களை வைத்துத் திருத்திவிட்டு, எட்டு மணிக்குக் கிளம்பினார். "ஏதாவது வேணுமா?" என்று மச்சானிடம் கேட்பார். மனைவியிடம் கேட்டாரா? எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

நாலாம் நாள், முன்பக்கத்தில் இருந்த 'பள்ளித் தோழர்' என்பதை அடித்துவிட்டு எழுதினார்: 'நிறுவனரின் மனைவி கருவுற்று ஆறாம் மாதத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நிறுவனர் தன் பணிகளைத் தொடர்ந்ததால், மனைவியின் அண்ணனாகிய கூட்டாளி ஐந்து வாரம் இரவும் பகலும் அவருடன் இருந்தார், குழந்தை பிழைக்கவில்லை.' எழுதிவிட்டு எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தெருவில் யார் யாரோ போனார்கள். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

நேராக அதை எடுத்துக்கொண்டு மச்சானிடம் போயிருக்க வேண்டியதுதானே? அங்கேதான் புத்தி வாத்தியார் புத்தி. பிள்ளைகள் முன்னால் வைத்துப் பார்க்காத கேஸை அச்சுக்குக் கொடுப்பது வழக்கமில்லை. இன்னொரு ஆசையும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை தோற்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். அத்தனை பேரும் கை தூக்கி, 'அவரை அனுப்பக்கூடாது' என்று சொல்லவேண்டும். அந்த எண்ணைப் பெரிசாக எழுதி, மச்சானிடம் போய், "பாருங்க, பிள்ளைங்க உங்களை அனுப்பக்கூடாதுன்னுட்டாங்க" என்று சொல்லவேண்டும். தன் வாயால் சொல்ல வராத மன்னிப்பை வகுப்பை விட்டுச் சொல்லவைக்கப் பார்த்தார், மனுஷன்.

கடைசி வகுப்பு. அறுபத்தெட்டுப் பேர். மாணவர்கள் முதல்நாள் இரவே கேஸைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். ஒரு பையன்தான் ஆரம்பித்தான். கெட்டிக்காரன், பேச்சில் புலி.

"சார், பதினோராம் பக்கம் மனசைத் தொடுது. ஒத்துக்கறேன். ஆனா அது உணர்ச்சி. ஆர்டர் போனதுதான் உண்மை. கூட்டாளி நல்ல அண்ணனா இருக்கலாம், நல்ல கூட்டாளி இல்லை. தொழில் வேற, குடும்பம் வேறன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"மனைவியைப் பார்த்துக்க ஒரு நர்ஸை வச்சிருக்கலாமே? அந்தச் செலவு ஆர்டரைவிடக் குறைச்சல்தானே?" என்றாள் இன்னொருத்தி.

"நிறுவனர் எடுத்தது கஷ்டமான முடிவு. அவரைப் பாராட்டணும்" என்றான் மூன்றாமவன்.

பேராசிரியர் வாயைத் திறந்து, 'அப்படியில்லை' என்று சொல்ல நினைத்தார். எதை வைத்துச் சொல்வது? அவர்கள் பேசியதில் ஒவ்வொரு வார்த்தையும் அவர் கொடுத்தது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் மச்சானிடம் அவர் சொன்னதை அந்தப் பிள்ளைகள் அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னார்கள். பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. வழக்கம்போலக் கை தூக்கச் சொன்னார். அனுப்பலாம்: ஐம்பத்தொன்று. வேண்டாம்: பதினேழு. பலகையில் எழுதினார். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முடிவுக்காக இல்லை, அவருடைய கடைசி வகுப்பு என்பதற்காக. அவர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

எல்லோரும் போனபிறகு ஒரு பெண் மட்டும் வந்து மேசைக்கு எதிரில் நின்றாள். வருஷம் முழுக்க வாயைத் திறக்காத பெண். எந்தப் பக்கம் கை தூக்கினாள் என்றுகூட அவர் கவனிக்கவில்லை.

"சார், அந்த மனைவி அப்புறம் நல்லா ஆனாங்களா?"

"ஆனாங்கம்மா. இருபத்தைஞ்சு வருஷம் இருந்தாங்க."

"அவங்க என்ன சொன்னாங்க சார்? அவங்க அண்ணனை அனுப்பினதைப் பத்தி?"

"அது கேஸ்ல இல்லைம்மா."

"இல்லைன்னுதான் சார் உங்களைக் கேட்கறேன்."

பேராசிரியர் அவளைப் பார்த்தபடி நின்றார். 'என்ன சொன்னாள்?' என்று உள்ளே தேடினார். கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு வீட்டுக்குப் போய், "உங்க அண்ணனை அனுப்பிட்டேன்" என்று சொன்னது ஞாபகம் இருந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கைகால் கழுவப் போய்விட்டார். சண்டை போடவில்லை, அதனால் சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டார். ஊரில் உள்ளவர்களை எல்லாம் கை தூக்கச் சொல்லி எண்ணினவர், வீட்டில் இருந்த ஒருத்தியைக் கேட்கவில்லை. அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள், என்னவோ புரிந்துகொண்டாள், "ஸாரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே பட்டறைக்குப் போனார். ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தார்கள். மச்சான் பதினோராம் பக்கத்தை மட்டும் வாங்கிப் படித்தார். விரல் வைக்காமல் படித்தார்.

"இப்ப நான்தான்" என்றார். "புள்ளைங்க என்ன சொன்னாங்க?"

"அனுப்பணும்னுதான் சொன்னாங்க. அறுபத்தெட்டுல ஐம்பத்தொரு பேர்."

மச்சான் சிரித்துவிட்டார். "பதினேழு பேர் நம்ம பக்கமா? பரவாயில்லையே." சம்மதக் கடிதத்தை வாங்கி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பென்சில் ஆகாது என்று மகனிடம் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பேராசிரியர் எழுந்திருக்கவில்லை.

"மச்சான், ஒண்ணு கேட்கணும். அவ உங்ககிட்ட என்ன சொன்னா? உங்களை நான் அனுப்பினதைப் பத்தி?"

"தங்கச்சியா?" மச்சான் பேனாவின் மூடியைப் போட்டார். "என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லை மாப்பிள்ளை. வருவா, புள்ளைங்களோட விளையாடுவா, போவா. ஒரு தடவை நானே மனசு பொறுக்காம கேட்டேன். 'ஏம்மா, மாப்பிள்ளைகிட்ட நீ ஒரு வார்த்தை பேசலையா?'ன்னு. 'அவர் கேட்கட்டும் அண்ணா, கேட்டா சொல்லிக்கறேன்'னா."

"என்னன்னு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? உங்ககிட்ட சொல்றதுக்குன்னு வச்சிருந்தா. என்கிட்ட சொல்லலை."

"அப்புறம் நீங்க கேட்கவே இல்லையா மச்சான்?" பேராசிரியரின் குரல் கெஞ்சியது. ஒரு வார்த்தை, ஒரு வசவு, ஏதாவது ஒன்று அவள் விட்டுப் போயிருந்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

"கேட்டேனே. கடைசியா ஆஸ்பத்திரியில படுத்திருந்தாளே, நீங்க டாக்டரைப் பார்க்கப் போயிருந்தீங்க. அப்ப கேட்டேன். 'மாப்பிள்ளை கேட்டாராம்மா?'ன்னு." மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "'இன்னும் கேட்கலை அண்ணா'ன்னு சொன்னா."

பேராசிரியர் கையில் இருந்த கடிதத்தை முக்காலியின் மேல் வைத்தார். மச்சான் என்னவோ சொன்னார், மகன் ஓடிவந்து தோளைப் பிடித்தான். ஒன்றும் காதில் விழவில்லை. அறுபத்தாறு வயது மனுஷன், சக்கரம் கழன்ற கட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்து, "இப்ப கேட்கறேன், இப்ப கேட்கறேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.